சுவருக்குப் பின்னால் நின்றும் ஏன் செத்தேன்?

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, என் சித்தியின் மகனை மற்ற எட்டுப் பேரும் கேட்க "அளாப்பி" என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சொல் தெரியாதவர்களுக்கு: அளாப்பி என்றால் விளையாட்டில் களவு செய்பவன். எங்கள் வீட்டில் கரம் விளையாடும்போது அப்பாவும் மாமாவும் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல். நான் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். ஸ்காபறோவில் பின்னேரம் மூன்று மணி, லண்டனில் இரவு எட்டு, ஒஸ்லோவில் ஒன்பது. மச்சான்மார், மச்சாள்மார், தம்பிமார் என்று பத்துப் பேர் சேர்ந்தால் ஐந்துக்கு ஐந்து கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். எங்களில் சிலருக்குத் தமிழ் தட்டித்தட்டித்தான் வரும், சிலருக்கு ஆங்கிலத்தைவிட நோர்வே மொழி நன்றாக வரும். ஆனாலும் "பின்னுக்கு வாறான், பின்னுக்கு வாறான்!" என்று எல்லோரும் தமிழில்தான் கத்துவோம். வருடத்தில் ஒரு கலியாண வீட்டில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் எங்களுக்கு இந்த இரண்டு மணித்தியாலம்தான் சொந்தம்.

அன்று டஸ்ட் 2. நான் காவல் பக்கம். லண்டன் தம்பி எதிர்ப்பக்கம், கையில் ஏடபிள்யூபி ஸ்னைப்பர். சுற்றுத் தொடங்கியதும் நான் நடுவில் இருக்கும் மரக்கதவுகளுக்குப் பின்னால் குறுக்கே ஓடி 'பி' பக்கம் போவேன். அவன் கதவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில். கதவு மூடியிருக்கிற இடத்தில்தான் நான் ஓடினேன், அவனுக்கு என்னைத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் செத்தேன். தலையில் அடி. இரண்டு சுற்றுக்குப் பிறகு திரும்பவும் அதே இடத்தில், அதே மாதிரி. மூன்றாம் தரம் செத்தபோது மைக்கில் கத்தினேன்: "நீ அளாப்பியடா. வோல்ஹாக் போட்டிருக்கிறாய்."

வோல்ஹாக் என்பது சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் களவு மென்பொருள். அதைப் போட்டான் என்று சொல்வது சின்னக் குற்றச்சாட்டு அல்ல. அவன் ஒன்றும் பேசாமல் ஆட்டத்தைவிட்டுப் போய்விட்டான். இரவு ஒரு வீடியோவை எனக்கு அனுப்பினான். தன்னுடைய திரையை முழு ஆட்டத்துக்கும் பதிவு செய்து வைத்திருக்கிறான். நான் அதைத் திறக்கவில்லை. அடுத்த சனி அவன் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. மூன்றாவது கிழமை சித்தி அம்மாவுக்கு ஃபோன் எடுத்தா. "என்ர பிள்ளையைக் களவு செய்தவன் எண்டு சொன்னதாமே" என்று கேட்டாவாம்.

அன்றுதான் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். வெறும் டஸ்ட் 2 வரைபடத்தைத் தனியாகத் திறந்து, கதவுக்குப் பின்னால் ஒரு பொட்டை நிறுத்தி, அதே தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்தேன். நெஞ்சுக்கு நேராகச் சுட்டேன், பொட் சாகவில்லை. தலை உயரத்தில் சுட்டேன், செத்து விழுந்தது. கதவு அப்படியே மூடித்தான் இருந்தது.

நான் இந்த விளையாட்டைப் பல வருடமாக விளையாடுகிறேன். சில சுவர்கள் துளைபடும் என்று எனக்குத் தெரியும். எப்படி, எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. உங்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், என் கருத்து பிறகு.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் குண்டு பறப்பதில்லை. நீங்கள் சுட்டவுடன் கணினி ஒரு நேர்கோடு போடுகிறது. அந்தக் கோடு துப்பாக்கியின் வாயிலிருந்துகூடப் போவதில்லை, உங்கள் வீரரின் கண் உயரத்திலிருந்து போகிறது. கோட்டில் யார் இருந்தாலும் அந்தக் கணமே அடி.

கோடு ஒரு சுவரில் முட்டினால் கணினி மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. முதலாவது, இது என்ன பொருள்? வரைபடம் செய்தவர்கள் ஒவ்வொரு மேற்பரப்புக்கும் மரம், இரும்பு, கொங்கிரீட், கண்ணாடி என்று ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, எவ்வளவு தடிப்பு? கோட்டை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, மறுபக்கம் எங்கே வெளியே வருகிறது என்று தேடுகிறது. சிஎஸ்:கோவில் இந்தத் தேடலுக்கு எல்லை 90 யூனிட். நிற்கிற ஒரு வீரரின் உயரம் 72 யூனிட் என்றால் அளவு விளங்கும். அதற்குள் வெளியே வராவிட்டால் குண்டு அங்கேயே முடிந்தது. மூன்றாவது, என்ன துப்பாக்கி? சாதாரணப் பிஸ்டலுக்குத் துளைக்கும் சக்தி 1, ஏகே-47 போன்ற ரைஃபிள்களுக்கு 2, ஏடபிள்யூபிக்கு 2.5. டெசர்ட் ஈகிள் பிஸ்டலாக இருந்தாலும் அதற்கும் 2.

பிறகு கழித்தல் கணக்கு. மரமோ இரும்போ கொங்கிரீட்டோ, ஒரு சுவரைத் தாண்டினாலே அடியில் 16 சதவீதம் போய்விடும். கண்ணாடிக்கும் கம்பி வலைக்கும் இது மிகக் குறைவு. அதற்கு மேல் பொருளின் கடினத்துக்கு ஒரு கழிவு, தடிப்புக்கு ஒரு கழிவு. இந்தத் தடிப்புக் கழிவுதான் சுவாரசியமானது. அது தடிப்பின் வர்க்கத்தோடு ஏறுகிறது. சுவர் இரண்டு மடங்கு தடிப்பானால் அந்தக் கழிவு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மெல்லிய பலகை பரவாயில்லை, தடித்த சுவர் சட்டென்று குண்டைத் தின்றுவிடும் என்பதற்கு இதுதான் காரணம். மிஞ்சியது மறுபக்கம் அதே நேர்கோட்டில் போகும். இப்படி நான்கு தடைகள்வரை தாண்டலாம்.

இப்போது ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். ஏகே-47இன் அடி 36. தலையில் பட்டால் நான்கு மடங்கு, 144. ஹெல்மெட் இருந்தால் அதில் 77.5 சதவீதம்தான் உள்ளே போகும், கிட்டத்தட்ட 111. நூறு உயிர் உள்ள ஆள் சாவார். அதே குண்டு ஒரு மரக்கதவைத் தாண்டி வந்தால் 36இல் 16 சதவீதம் போய் 30 சொச்சம். நான்கால் பெருக்கி ஹெல்மெட்டைக் கழித்தால் 94க்கு உள்ளே. கதவின் தடிப்பை இன்னும் கழிக்கவே இல்லை. ஆகவே ஹெல்மெட் போட்ட, நூறு உயிர் உள்ள ஒருவரை ஏகே-47 கதவுக்கு அப்பாலிருந்து ஒரே குண்டில் கொல்ல முடியாது.

ஏடபிள்யூபியின் அடி 115. 16 சதவீதம் போனால் 96 சொச்சம். நெஞ்சில் பட்டால் அதனால்தான் என் பொட் சாகவில்லை. தலைக்கு நான்கு மடங்கு என்பதால் அங்கே தப்ப முடியாது. எண்கள் சிஎஸ்:கோ காலத்தவை, ஆனால் அடிப்படை அதேதான் என்பதை என் பொட் விழுந்த விதமே காட்டியது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. சரி, குண்டு கதவைத் துளைக்கும். நான் அங்கேதான் ஓடுகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் அவன் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். முதலில் நான் செத்த மூன்று சுற்றுகளையும் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முழுவதையும் பார்த்தேன். அவன் ஒவ்வொரு சுற்றிலும் கதவின் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே வினாடியில் சுட்டிருக்கிறான். நான் அங்கே போகாமல் 'ஏ' பக்கம் போன சுற்றுகளிலும் சுட்டிருக்கிறான். அந்தக் குண்டுகள் வெறும் காற்றில் போயின. சுவருக்குப் பின்னால் ஆள் தெரிகிற ஒருவன் ஆளில்லாத இடத்தில் ஏன் சுட வேண்டும்?

அவன் பார்த்தது என்னை அல்ல, என் பழக்கத்தை. சுற்றுத் தொடங்கி எத்தனை வினாடியில் நான் அந்தக் கதவைத் தாண்டுவேன் என்று எண்ணி வைத்திருந்தான். நான் ஒருமுறைகூட வழியை மாற்றவில்லை.

இனி என் கருத்தைச் சொல்கிறேன்.

ஒருவரைக் களவு செய்தவர் என்று சொல்வதற்கு முன், அந்த விளையாட்டின் விதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. வோல்ஹாக் போடுபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பிடிப்பதற்கும் விதி தெரிய வேண்டும். குறி சுவருக்குப் பின்னால் நகரும் ஆளோடு சேர்ந்து நகர்கிறதா, ஆளில்லாத இடத்தில் குண்டை வீணாக்காமலே இருக்கிறாரா, எந்தச் சத்தமும் இல்லாத மூலைக்குத் திரும்புகிறாரா என்று பாருங்கள். செத்த மூன்று சுற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சாகாத சுற்றுகளில்தான் சாட்சி இருக்கிறது.

இரண்டாவது, இதில் விளையாட்டைச் செய்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்பேன். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின்மேல் ரசிகர்கள் கட்டிய மொட் ஆகப் பிறந்தது. இன்று சிஎஸ்2 வந்து வருடங்களாகிவிட்டன. இன்னும் எந்தச் சுவர் துளைபடும் என்று அது புதியவருக்கு நேரே சொல்வதில்லை. யாராவது செத்த பிறகு மேலே ஓரத்தில் சுவரைத் துளைத்த குண்டின் சின்னம் வரும். அதைக் கவனித்தால் உண்டு. மற்றபடி நீங்களே தனியாக வரைபடத்தைத் திறந்து, குண்டு விழுந்த இடங்களைக் காட்டும் கட்டளையைத் தட்டி, சுவர் சுவராகச் சுட்டுப் படிக்க வேண்டும்.

2020இல் வந்த வலரன்ட் இதை ஓரளவு நன்றாகச் செய்கிறது. வாங்கும் திரையிலேயே ஒவ்வொரு துப்பாக்கியும் சுவரைத் துளைப்பது குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுதியிருக்கும். கிளாசிக் பிஸ்டல் குறைவு, வான்டலும் ஃபான்டமும் நடுத்தரம், ஓடின் அதிகம். துளைபடும் சுவரில் விழும் அடையாளமும் துளைபடாத சுவரில் விழும் அடையாளமும் வேறு வேறு. ஒரு குண்டு செலவழித்தால் பதில் கிடைத்துவிடும். 2015இல் வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ் இன்னும் ஒரு படி மேலே: மெல்லிய சுவரில் உண்மையிலேயே ஓட்டை விழும், அதற்குள்ளால் பார்க்கலாம். இரும்புத் தகடு போட்டு உறுதியாக்கிய சுவர் பார்வைக்கே வேறாக இருக்கும்.

பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். எங்கள் ஒஸ்லோ மச்சானும் சொன்னான்: "அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுதானே திறமை. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தால் பிறகென்ன விளையாட்டு?" பாதி சரி. எதிராளி எந்த வினாடியில் எங்கே இருப்பார் என்று கணிப்பது திறமை. என் தம்பி செய்தது அது, அதற்கு நான் கை தட்டியிருக்க வேண்டும். ஆனால் இந்தப் பெட்டி துளைபடும், அந்தப் பெட்டி துளைபடாது என்று தெரிந்திருப்பது திறமை அல்ல, அது தகவல். கரம் போர்டில் எந்த மூலையில் பள்ளம் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த மாதிரி. நேரம் நிறைய உள்ளவருக்குத்தான் அந்தத் தகவல் கிடைக்கும். பள்ளிக்கூடம், தமிழ் வகுப்பு, பகுதி நேர வேலை எல்லாம் முடித்து இரவு ஒரு மணித்தியாலம் விளையாடுகிற பிள்ளைக்குக் கிடைக்காது. அந்தப் பிள்ளை செத்துச் செத்து, கடைசியில் என்னைப் போல யாரையாவது பார்த்துக் கத்தும்.

மூன்றாவது விஷயத்தை நான் திட்டமிட்டு எழுதவில்லை. அப்பாவால் வந்தது.

நான் பேஸ்மென்டில் கதவைச் சுட்டுக்கொண்டிருந்தபோது அவர் தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார். "அந்தப் பெடியன் ஏன் கதவுக்குப் பின்னால நிக்கிறான்?" என்று கேட்டார். பொட்டைத்தான் சொன்னார். மறைவுக்கு, என்றேன்.

"கதவு மறைக்கும். காக்காது" என்றார். "ஊரில எங்களுக்கு அது சின்ன வயசிலேயே தெரியும். வீட்டுச் சுவரையே நம்பேல்ல. வளவுக்குள்ள பங்கர் வெட்டி, மேல பனங்குத்தி அடுக்கி, உரப்பையில மண் நிரப்பி வைச்சம். சன்னமோ சிதறலோ, மண்தான் தாங்கும்."

அப்பா தோட்டாவைக் 'குண்டு' என்று சொல்ல மாட்டார். சன்னம் என்பார். குண்டு என்றால் அவருக்கு மேலிருந்து விழுவது. நான் இந்தக் கட்டுரை முழுக்கக் குண்டு என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த வித்தியாசம் தேவைப்பட்டதில்லை.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு விளையாட்டின் பொய்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. விளையாட்டில் தோட்டா எப்போதும் நேர்கோட்டில்தான் வெளியே வரும். உண்மையில் அது ஒரு தடையைத் தாண்டும்போது திசை மாறும், புரளும், உடைந்து சிதறும். விளையாட்டில் ஒரு பெரிய மரப்பெட்டி உள்ளே முழுக்க மரம், ஏனென்றால் கணினிக்கு அது ஒரு கட்டி. அதனால் நடுவில் சுட்டால் போகாது, மூலையில் சாய்த்துச் சுட்டால் குறைந்த தடிப்பைத் தாண்டிப் போய்விடும். உண்மையான பெட்டி வெறும் பலகை, உள்ளே வெற்றிடம். நாங்கள் கனடாவில் இருக்கும் வீடுகளின் உட்சுவர்கள் மரச்சட்டத்தில் அடித்த ட்ரைவோல் அட்டைகள். சாதாரணப் பிஸ்டலின் தோட்டாவைக்கூட அவை நிறுத்தாது. காரின் கதவும் ரைஃபிளை நம்பகமாக நிறுத்தாது. படங்களில் அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்கள் நடிகர்கள்.

ஆகவே "இது உண்மை மாதிரி" என்று யாராவது கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கைப் புகழ்ந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அது உண்மை மாதிரி இருக்கத் தேவையும் இல்லை. அது ஒரு கணக்கு விளையாட்டு, செஸ் குதிரை உண்மைக் குதிரை மாதிரி ஓடாததுபோல. எனக்கு அது அப்படியே இருப்பது பிடிக்கும். எங்கள் வீடுகளில் பலவற்றில் உண்மையானதைப் பார்த்தவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். கீழே நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்கிறது. விளையாட்டை விடச் சொல்லி நான் எழுதவில்லை, நானும் விடப்போவதில்லை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் வட அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று மதிப்பிடப்பட்டது என்பதை மட்டும் தம்பி தங்கைகளுக்கு ஞாபகப்படுத்துகிறேன். மற்றபடி ஹெட்செட்டைப் போடுங்கள், கதவைச் சாத்துங்கள். அவ்வளவு போதும்.

அப்பா மேலே போகும்போது படியில் நின்று, "சித்தியின்ர பெடியனுக்கு எடுத்தியா?" என்றார். இல்லை என்றேன். "லண்டனில இப்ப பத்து மணிதானே. முழிச்சிருப்பான்" என்றார்.

எடுத்தேன். வீடியோவை இன்றுதான் பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னேன். நீ களவு செய்யவில்லை, நான்தான் தெரியாமல் கத்தினேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, மற்ற ஆக்களுக்கும் அதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

அது நியாயம். எட்டுப் பேர் கேட்கத்தானே சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்க முன் மைக்கில் சொன்னேன். இங்கேயும் எழுதிவிட்டேன், ஏனென்றால் அந்தக் கதை எங்கள் பத்துப் பேருக்கு வெளியேயும் போயிருந்தது.

அவன் திரும்பி வந்துவிட்டான். முன்போல அவ்வளவு பேசுவதில்லை, இன்னும் கொஞ்சம் நாள் எடுக்கும் என்று நினைக்கிறேன். நேற்றும் டஸ்ட் 2 விளையாடினோம். நான் கதவுப் பக்கம் போகாமல் மற்ற வழியால் சுற்றிப் போனேன். கதவில் குண்டு முட்டும் சத்தம் கேட்டது.